கொழுந்தனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்

வாசகி கேட்டது:

"எனக்கு வயது 46, ஊர் திருச்சி. மாமியாருக்கு 79. பதினான்கு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பிடித்துக்கொண்டால் பாத்ரூம் வரை நடப்பார். ஆறேழு மாதமாக மறதியும் சேர்ந்துகொண்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, 'வீட்டுக்குப் போகணும், கதவைத் திற' என்கிறார். நாற்பது வருடமாக அவர் இருப்பது இந்த வீட்டில்தான். நான் தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டேன். கணவருக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறு வருவார். கொழுந்தன் சிங்கப்பூரில். பணம் அனுப்புவார், கூடவே தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு வல்லாரை வீடியோவும் அனுப்புவார். நாத்தனார் தஞ்சாவூரில். வந்தால் 'அம்மா இளைச்சுட்டாங்களே' என்று சொல்லிவிட்டுப் போவார். மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. உதவி எங்கே கிடைக்கும், யாரைக் கேட்பது என்று நெட்டில் தேடினால் முதியோர் இல்ல விளம்பரம்தான் வந்து நிற்கிறது. போன வாரம் கோபத்தில் அவர் கையைத் தட்டிவிட்டேன். சில ராத்திரி, இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. நான் கெட்டவளா? இன்னொன்று, தை மாதம் கும்பகோணத்தில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இரண்டு நாள் போய்வர முடியுமா?"

மருத்துவ சமூகப் பணியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கெட்டவளா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லும் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது. இல்லை. மருத்துவமனை வார்டுகளில் இருபது வருடத்துக்கு மேல் குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லாத மருமகள், மகள், மனைவி குறைவு. மற்றவர்கள் அறையை விட்டுப் போகும்வரை காத்திருந்து சொல்வார்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் என்ற ஆய்வாளர் பெயரில் 22 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது, உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். "அவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா" என்பது அதில் ஒரு கேள்வி. கோபம் வருவது அவ்வளவு சகஜம் என்பதால்தான் அதைக் கேள்வியாகவே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கையைத் தட்டிவிட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எழுதியதிலேயே தெரிகிறது. அடுத்த முறை அந்தச் சூடு தலைக்கு ஏறும்போது, அத்தை விழாத மாதிரி உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கொல்லைப்புறத்தில் நில்லுங்கள். அவர் கத்தட்டும், பரவாயில்லை. அது முடியாத ராத்திரிகளில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பைத்தியம் பிடித்தவர்களுக்கான எண் என்று நினைக்காதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு எதிர்முனையில் ஒரு மனிதக் குரல் கேட்பதே சில சமயம் போதும். தட்டுவது திரும்பத் திரும்ப நடந்தால், அல்லது சாவு நினைப்பு அத்தையை விட்டு உங்கள் பக்கம் திரும்பினால், காலை வரை காத்திருக்கக்கூடாது.

சரி, உதவி எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி, நெட்டில் தேடினேன் என்பதுதான். குளிப்பாட்டுவது நீங்கள், ஊட்டுவது நீங்கள், ராத்திரி எழுந்திருப்பது நீங்கள். அதற்கு மேல், உதவி எங்கே கிடைக்கும் என்று தேடுகிற வேலையும் உங்கள் தலையில்தான். தேடுவது ஒரு முழுநேர வேலை, அம்மா. போன் போட்டுக் காத்திருக்க வேண்டும், கிழமை கேட்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், திருப்பி அனுப்பினால் மறுபடி நிரப்ப வேண்டும். அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலையைச் சிங்கப்பூரிலிருந்து செய்ய முடியாது. ஆனால் இந்தத் தேடும் வேலையை முக்கால்வாசி அங்கிருந்தே செய்யலாம். வல்லாரை வீடியோ தேட நேரம் இருக்கிற கொழுந்தனுக்கு இதற்கும் நேரம் இருக்கும்.

இதற்கு ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். பள்ளியில் பாடக்குறிப்பு எழுதிய கை உங்களுடையது, அரை மணி நேரத்தில் முடியும். அத்தையின் பெயர், பிறந்த தேதி, ஸ்ட்ரோக் வந்த தேதி, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் அளவோடு, எதற்கு அலர்ஜி, தானாக என்ன செய்கிறார், எதற்கு ஆள் வேண்டும், மறதி எப்போது தொடங்கியது, ராத்திரி என்ன நடக்கிறது. அடியில், வீட்டுக்கு இப்போது தேவைப்படும் மூன்றே விஷயம். பத்து வேண்டாம். அதைப் போட்டோ எடுத்துக் கணவர், கொழுந்தன், நாத்தனார் மூவருக்கும் அனுப்பிவிடுங்கள். இனி யார் எந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் கையில் அந்தத் தாள் இருக்கும், உங்களைக் கூப்பிட்டு "அம்மாவுக்கு என்ன மாத்திரை?" என்று கேட்க மாட்டார்கள். டாக்டரிடமும் அதையே கொடுங்கள். புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கிற நான்கு நிமிடத்தில் மூன்று மிச்சமாகும்.

முதல் போன் 14567. முதியோருக்கான தேசிய உதவி எண், எல்டர்லைன் என்பார்கள். எல்லா நாளும் காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் கிடையாது. முதியவர்தான் பேச வேண்டும் என்றில்லை, பார்த்துக்கொள்பவரும் பேசலாம். இந்த மாதிரிக் குறுகிய எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது, அதனால் இது உங்கள் கணவர் பொறுப்பு. பலர் இந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டு, "ஒரு பிரயோஜனமும் இல்லை மேடம்" என்று என்னிடம் வந்து சொல்வார்கள். என்ன கேட்டீர்கள் என்றால், பத்து நிமிடம் குடும்பக் கதை முழுக்கச் சொல்லி அழுதிருப்பார்கள். அழுவது தப்பில்லை, அதற்கு 14416 இருக்கிறது. 14567-ல் ஒரு போனுக்கு ஒரு கேள்வி. "திருச்சியில் ஸ்ட்ரோக் வந்த, மறதி உள்ள 79 வயதுப் பெண்ணை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஆள் தரும் இடங்கள் எவை?" அவ்வளவுதான். பதிலைத் தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஆள் தேடுவதற்கும் முன்னால் நடக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்தையின் மறதிக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. "வயசானா இப்படித்தான்" என்பது நோய்க்கணிப்பு ஆகாது. 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாகக் கணித்தது. மீதிப் பேருக்கு இல்லை என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது. ஸ்ட்ரோக்குக்குப் பின் மூளையின் ரத்த ஓட்டக் குறைவால் வரும் மறதி ஒரு வகை. ஸ்ட்ரோக்குக்குப் பின் வரும் மனச்சோர்வும் வெளியிலிருந்து பார்த்தால் மறதி மாதிரியே இருக்கும். தைராய்டு, பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் குறைவு எல்லாமும் இதே வேஷம் போடும், இவற்றுக்கு மருந்து உண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சளி, அரிப்பு மாத்திரைகளில் சிலவும் வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும். வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கை மருந்து உள்பட.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். குழப்பம் ஒரே நாளில், இரண்டே நாளில் திடீரென்று அதிகமானால் அது மறதி நோய் முற்றியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, புது மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, புதிதாக ஒரு கை கால் துவண்டாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108.

எங்கே காட்டுவது? மாமனார் ஓய்வு பெறும்போது ரயில்வேயின் ஓய்வுபெற்றோர் மருத்துவத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், அந்த உரிமை அத்தைக்கும் தொடரும். பழைய மருத்துவப் புத்தகம் பீரோவில் கிடக்கிறதா பாருங்கள். இப்போது அதற்குப் பதிலாக உமித் என்ற அட்டை தருகிறார்கள். அது இருந்தால் பொன்மலை ரயில்வே மருத்துவமனை உங்கள் வாசல். அவர்களே நரம்பியல் மருத்துவருக்கு எழுதித் தருவார்கள். இல்லையென்றால் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. நரம்பியல், மனநலம், முதியோர் என்று எந்தப் பிரிவு எந்தக் கிழமை என்று முதலில் ஓர் ஆள் போய்க் கேட்டு வரட்டும், அத்தையை அலைக்கழிக்க வேண்டாம். மனநலப் பிரிவு என்றதும் நாத்தனார் முகம் சுளிக்கலாம். மறதி நோயைப் பார்ப்பது அவர்களும்தான் என்று சொல்லுங்கள். சென்னை பக்கம் இருக்கிற வாசகர்களுக்காக: கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கையோடு முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறது.

"வீட்டுக்குப் போகணும்" என்பதைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை, ஏனென்றால் உங்களை உடைப்பது அந்த இரண்டு மணிதான். "இதுதானே அத்தை உங்க வீடு" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் பலிக்காது. அவர் கேட்கிற வீடு திருச்சியில் இல்லை. பெரும்பாலும் அது பிறந்த வீடாக இருக்கும், அம்மா இருந்த வீடு. அந்த நேரத்தில் அவருக்குப் பயம், அல்லது வயிறு கனக்கிறது, அல்லது சிறுநீர் முட்டுகிறது. அதைச் சொல்ல அவரிடம் மிச்சமிருக்கிற வார்த்தை "வீடு". வாதாடாதீர்கள். "போலாம் அத்தை, பாத்ரூம் போய்ட்டு வந்துருவோம். உங்க வீட்டுத் திண்ணை பெருசா?" என்று பேச்சைப் பிடித்துக்கொண்டு போங்கள். பொய் சொல்வதாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பகலில் மூன்று மணிக்கு மேல் தூங்க விடாமல், சாயங்காலம் வாசலில் வெயில் படும்படி உட்கார வைத்து, ஆறு மணிக்கே விளக்கைப் போட்டு, ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியவிட்டால் பல வீடுகளில் இது பாதியாகக் குறைந்திருக்கிறது. எல்லா வீட்டிலும் இல்லை. கதவின் தாழ்ப்பாளை அவர் கை எட்டாத உயரத்தில் மாற்றுங்கள். பூட்டிவிட்டு நீங்கள் வெளியே போவது மட்டும் கூடாது.

வீட்டுக்கே வரும் உதவியில் நடுத்தரக் குடும்பங்கள் தவறவிடுகிற ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள் என்று மட்டும்தான் பலருக்குத் தெரியும். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை மருத்துவமும், படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வருவதும் அதே திட்டத்தில்தான். "அதெல்லாம் ஏழைகளுக்கு, நமக்கு எதுக்கு" என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் தாளைக் காட்டிப் பெயரைப் பதிய வையுங்கள். செவிலியர் வரும் அன்று, செய்துவிட்டுப் போக விடாதீர்கள். நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள் என்று சொல்லுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு முதுகு போகாமல் எப்படித் தூக்குவது, நிமிர உட்கார வைத்து எப்படி ஊட்டுவது, படுத்தே இருக்கும் நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் போடுவது, குதிகாலிலும் இடுப்பிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் வீடியோ பார்த்து வராது, கை பிடித்துச் சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

அப்புறம், அந்தப் பகுதிக்கு வரும் பிசியோதெரபிஸ்டைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்த ஆயா நாணயமானவர், எந்த வீட்டில் பெரியவர் இறந்துபோய் ஏர் பெட்டும் கமோட் நாற்காலியும் சும்மா கிடக்கின்றன எல்லாம் அவருக்குத் தெரியும். டயப்பர் விற்கும் மெடிக்கல் ஷாப்காரருக்கு அதில் பாதி தெரியும். கூகுள் சொல்லாததை இவர்கள் இருவரும் சொல்வார்கள்.

அத்தையின் ஓய்வூதியத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமலே எழுதிய ஒரு எண் அதில் இருக்கிறது. அத்தைக்கு 79. மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியத்தில் 80 வயது நிறைந்ததும் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாகச் சேரும், 85-ல் அது 30 ஆகும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இது உண்டு. தானாகச் சேர வேண்டும், ஆனால் பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் கணவரின் பிறந்த தேதி இருக்கும், மனைவியின் பிறந்த தேதி இருக்காது. வங்கிக் கணினிக்கு அவர் வயது எப்படித் தெரியும்? பி.பி.ஓ. எனப்படும் அந்த ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பாருங்கள். தேதி இல்லையென்றால் இப்போதே ஆதார், பான் போன்ற சான்றுகளோடு எழுதிக் கொடுத்துத் திருத்த வேண்டும். இழுத்தடித்தால் சிபென்கிராம்ஸ் என்ற ஓய்வூதியர் குறைதீர்ப்புத் தளத்தில் இணையவழியாகவே புகார் போடலாம். இதைக் கொழுந்தனிடம் கொடுங்கள். சிங்கப்பூரிலிருந்து செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. அந்த 20 சதவீதம் ஆயா சம்பளத்தில் ஒரு பங்காகும்.

நவம்பரில் கொடுக்கும் லைஃப் சர்டிபிகேட்டுக்காக அத்தையை வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முகத்தை செல்போனில் காட்டியே கொடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கு வந்து எடுத்துத் தரும் வசதியும் இருக்கிறது. 80 ஆனபின் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம், கூட்ட நெரிசலும் இல்லை. 70 கடந்தவர்களுக்கு வாசலுக்கே வந்து வங்கிச் சேவை தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. வலது கை விழுந்ததால் கையெழுத்து மாறியிருக்குமே, அதற்கும் வழி உண்டு. பெருவிரல் ரேகையை, முடியாதபோது கால் விரல் ரேகையைக்கூட, இரண்டு சாட்சிகள் முன்னால் வைக்கலாம், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். மேலாளரைக் கேளுங்கள், குரலை உயர்த்தாமல், நகராமல்.

இன்னும் ஒன்று, இது கொஞ்சம் சங்கடமான விஷயம். அத்தைக்குத் தெளிவு இருக்கிற நேரங்கள் இன்னும் உண்டு என்றால், அவர் கணக்கை யார் கையாள வேண்டும், நாமினி யார், எந்தச் சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்பதை அந்தத் தெளிவான நேரத்தில், பிள்ளைகள் மூவரும் இருக்கும்போது, அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெளிவு முழுக்கப் போனபின் அவர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் கேட்டு உயர் நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் உண்டு. பேச்சை நீங்கள் தொடங்க வேண்டாம், மருமகளுக்குச் சொத்து மேல் கண் என்பார்கள். மூத்த மகன் தொடங்கட்டும்.

ஏஜென்சி வழியாக ஆள் வைப்பது பற்றி: சம்பளத்தை விட முக்கியமான கேள்விகள் நான்கைந்து இருக்கின்றன. அவர் லீவு போட்டால் மாற்று ஆள் யார், காவல்துறைச் சரிபார்ப்பு நடந்ததா, மறதி நோயாளியை முன்பு பார்த்திருக்கிறாரா, எந்த வேலையைச் செய்ய மாட்டார், முன்பணம் திரும்பக் கிடைக்குமா. எழுத்தில் வாங்குங்கள். முதலில் ஒரு வாரம் பகலுக்கு மட்டும், நீங்கள் வீட்டில் இருக்கும்போது வரட்டும். நகையும் ஏ.டி.எம். கார்டும் அவர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டாம். அதே சமயம் அவருக்கும் சாப்பாடு, படுக்க இடம், வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும். உங்களைச் சோர வைக்கும் அதே வேலைதான் அவரையும் சோர வைக்கும். 2025 நவம்பரில் மாநில அரசு திருச்சியில் வைத்துத் தொடங்கிய அன்புச்சோலை பகல்நேர மையங்கள் ஓரளவு தானாக நடமாடும் பெரியவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். அத்தைக்கு அது ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

உங்களைப் போலவே இருப்பவர்களோடு பேச வேண்டுமென்றால், 1992-ல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பும் மறதி நோய்க்கான சேவை நடத்துகிறது. பராமரிப்பவர்கள் கூடிப் பேச நாள் உண்டா, இணையவழியில் சேரலாமா என்று கேளுங்கள். இதையும் கொழுந்தன் பொறுப்பில் சேருங்கள். கூட்டத்தில் முதல் நாள் நீங்கள் பேசவே வேண்டாம். இன்னொரு வீட்டு அத்தையும் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறார் என்று கேட்டால் போதும்.

வீடியோக்கள் பற்றி ஒரு வார்த்தை. பேசுகிறவர் கடைசியில் எதையாவது விற்கிறாரா என்று பாருங்கள். விற்றால் மூடிவிடுங்கள். மறதியை ஒரு மாதத்தில் மாற்றுவோம் என்பவருக்கும் இதே விதி.

குடும்பத்தைப் பற்றி இனி. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று 2007-ல் வந்தது தெரியும்தானே? அதில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது: மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை! 2019-ல் மருமகளையும் மருமகனையும் சேர்த்து ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள், அது நிறைவேறவில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் முன்னால் போய் நில்லுங்கள் என்பதற்காக இதை எழுதவில்லை, உங்கள் வீட்டில் அதற்குத் தேவையும் தெரியவில்லை. யாருடைய கடமையோ அவர்களுக்கு நீங்கள் உதவிக்கொண்டிருக்கிறீர்கள், அவர்கள் உங்களுக்கு உதவவில்லை. இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டுதான் நீங்கள் "கெட்டவளா" என்று கேட்கிறீர்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் இருக்கும்போது, நான்கு பேரும் வீடியோ காலில் உட்காருங்கள். புகார் வேண்டாம், தாளைப் படியுங்கள். ஓய்வூதியம், ஏஜென்சி விசாரணை, சங்கங்கள் மூன்றும் கொழுந்தனுக்கு. 14567, மருத்துவமனைக் கிழமை, மாத்திரை வாங்குவது கணவருக்கு. சனிக்கிழமை ராத்திரி அத்தை அறையில் படுப்பதும் அவர்தான். நீங்கள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறீர்கள். தஞ்சாவூர் ஒரு மணி நேரத் தூரம். இளைச்சுட்டாங்களே என்று அக்கறைப்படும் நாத்தனார் மாதத்துக்கு நான்கு நாள் வந்து ஊட்டிப் பார்க்கட்டும். மறுத்தால் அந்த நான்கு நாள் ஆளுக்கான சம்பளம் அவர் பங்கு. இதை நீங்கள் சொல்லாமல் கணவர் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் சண்டையாகும்.

பள்ளி வேலையைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் இப்போது எதுவும் சொல்லவில்லை. ஆயா ஆறு மாதம் நிலைத்த பிறகு எழுதுங்கள், பேசலாம்.

கல்யாணத்துக்குப் போங்கள். தாராளமாகப் போங்கள். மார்கழி பாதியிலேயே ஆளைப் பகலுக்கு வர வைத்துவிடுங்கள், அத்தைக்கு முகம் பழகும். கணவரை இப்போதே இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நாத்தனார் முதல் நாளே வந்துவிடட்டும். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு, தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி, 108-ஐயும் உங்கள் டாக்டர் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். "நான் ஊருக்குப் போறேன்" என்று அத்தையிடம் மூன்று நாள் முன்பே சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், கிளம்பும்போது சொன்னால் போதும். மண்டபத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் போன் செய்யாதீர்கள். அவர்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் மட்டும் எடுங்கள். திண்ணையைப் பற்றிக் கேட்கச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.